அந்த 225/45ஆர்18ஐ மட்டும் திருத்திவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாகனப் பக்கத்தில் ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தார். பழைய டொயோட்டா 86 வாங்கியிருக்கிறேன், ஸ்பிரிங் மாற்றிக் காரை 30 மில்லிமீட்டர் இறக்கியும் விட்டேன், 18 அங்குல ரிம் போட ஆசை, எந்த டயர் சைஸ் வாங்குவது என்று. பதில் நாலே வரி. 225/45ஆர்18 போடலாம், உரசினால் பெண்டரின் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடு) உள்விளிம்பை மடக்கிவிடலாம், மற்றதை டயர் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். தோசையும் கையுமாக அதைப் படித்தவன் பாதியில் எழுந்துபோய்க் கால்குலேட்டரைத் தேடினேன், வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த எண் தப்பு. அச்சுப்பிழையாகவும் இருக்கலாம், 40 என்று எழுதியது 45 ஆகியிருக்கலாம். ஒரு எண்தானே என்று விட மனம் வரவில்லை, ஏனென்றால் இதே காரில் இதே மாதிரி ஒரு தப்பைச் செய்து காசு கொடுத்துப் படித்தவன் நான்.

முதலில் கணக்கு. அந்தக் காருக்குக் கம்பெனி கொடுத்தது 215/45ஆர்17. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம், அது மில்லிமீட்டர் இல்லை, அந்த அகலத்தில் 45 விழுக்காடு. 17 என்பது ரிம்மின் விட்டம், அது மட்டும் அங்குலம். இப்படி மூன்றையும் ஒரே வரியில் கலந்து வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. 215இல் 45 விழுக்காடு 96.75, மேலும் கீழும் சேர்த்தால் 193.5. பதினேழை 25.4ஆல் பெருக்கினால் 431.8. இரண்டையும் கூட்டினால் 625.3 மி.மீ., டயர் நின்றால் அதன் உயரம் அவ்வளவு. இப்போது நீங்கள் போட்ட 225/45ஆர்18ஐ இதே மாதிரி கணக்குப் போடுங்கள். 202.5, 457.2, மொத்தம் 659.7. முப்பத்து நான்கு மில்லிமீட்டர் அதிகம், ஐந்தரை விழுக்காடு. பொதுவாக மூன்று விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்பார்கள். கார் மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், முள் 90இல் நிற்கும்போது கார் 95இல் ஓடும்.

மீட்டர்கூடப் பெரிய விஷயமில்லை. டயரின் உச்சி ஹப்பிலிருந்து, அதாவது சக்கரம் மாட்டும் நடுக்கட்டையிலிருந்து, இன்னும் 17 மில்லிமீட்டர் மேலே போகிறது. தம்பி ஏற்கெனவே பெண்டரை 30 மில்லிமீட்டர் கீழே கொண்டுவந்துவிட்டார். ஆக 47 மில்லிமீட்டர் இடம் காணாமல் போய்விட்டது, அதுவும் கார் சும்மா நிற்கும்போது. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் சக்கரம் இன்னும் மேலே வரும். பெண்டர் விளிம்பை மடக்கினால் அகலத்தில்தான் கொஞ்சம் இடம் கிடைக்கும், உயரத்தில் ஒன்றும் கிடைக்காது. 225/40ஆர்18 என்றால் 637.2, பல பேர் அதைத்தான் போட்டு ஓட்டுகிறார்கள், அதுகூட இறக்கிய காரில் பார்த்துப் போட வேண்டியது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எஸ்.பி.எம். பரீட்சை முடித்த கையோடு பட்டர்வொர்த்தில் ஒரு டயர் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். லாரி டயரிலிருந்து கப்சாய் மோட்டார்சைக்கிள் டயர் வரை கழற்றி மாட்டியிருக்கிறேன். அப்புறம் பிறையில் தொழிற்சாலை வேலை, கல்யாணம், பிள்ளை, எல்லாம் ஆன பிறகு ஆசைக்கு ஒரு 2013ஆம் வருடத்து 86 வாங்கினேன். டயர் கடையில் இருந்தவனுக்கு டயர் தெரியும்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மற்றவன் காருக்குச் சொல்லும் புத்தி தன் காருக்கு வருவதில்லை, அதிலும் கடைவாசலில் புது ரிம் நான்கை வெயிலில் அடுக்கி வைத்திருந்தால் சுத்தமாக வராது. வெண்கல நிறம், ஆறு கம்பி, 18 அங்குலம், 9.5ஜே அகலம், அதாவது ஒன்பதரை அங்குலம், ஆஃப்செட் +38 (அது என்னவென்று பிறகு சொல்கிறேன்). பெயர் பெற்ற ஜப்பான் ரிம்மின் காப்பி. கடை முதலாளி தவுக்கே காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குனிந்துகூடப் பார்க்கவில்லை. "போலே, போலே," என்றார், மலாயில் முடியும் என்று அர்த்தம். நானும் ஆகட்டும் என்றேன். அவர்மேல் குற்றமில்லை, விற்கிறவர் வேறு என்ன சொல்வார்.

அந்த ரிம்மில் 225/40ஆர்18 டயரை இழுத்து மாட்டினார்கள். இழுத்து என்றால் உண்மையாகவே இழுத்து. அந்த டயருக்கு 7.5 முதல் 9 வரை உள்ள ரிம்தான் கணக்கு. 9.5இல் மாட்டினால் பக்கச்சுவர் சாய்ந்து நிற்கும், ரிம்மின் விளிம்பு டயரைவிட வெளியே தெரியும். அது ஒரு ஸ்டைல் என்று அப்போது சொல்லிக்கொண்டார்கள், நானும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனேன், புது ரிம்தானே, ஒரு பூசை போட்டுவிடலாம் என்று. ஐயர் மாலை போட்டு, குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஏறி நசுக்கிவிட்டு அப்படியே வளைத்து வெளியே எடுத்தேன். வாசலில் ஒரு சின்னச் சாய்வு, ஸ்டெரிங் முழுக்க இடது பக்கம். கர்ர்ர் என்று ஒரு சத்தம். பின்னால் நின்ற அம்மா, பழத்தின் தோல் ஏதோ மாட்டியிருக்கிறது பார் என்றார். பழத்தோல் இல்லை. முன் பெண்டர் விளிம்பு டயரின் தோளைச் சீவி எடுத்திருந்தது, கறுப்புச் சுருள் சுருளாக, பென்சில் சீவின மாதிரி.

எங்கே தப்பு என்று அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன், வாங்குவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு. தம்பிக்காக அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் பதிலில் ஆஃப்செட் என்ற சொல்லே இல்லை. ரிம்மின் அகலத்துக்கு நடுவில் ஒரு கோடு போட்டால், ஹப்பில் போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். எண் கூடினால் சக்கரம் காருக்குள்ளே போகும், எண் குறைந்தால் வெளியே வரும். 86இன் சொந்த ரிம் 7ஜே, +48. நான் வாங்கியது 9.5ஜே, +38. அகலம் இரண்டரை அங்குலம் கூடியது, அதாவது 63.5 மி.மீ., அதில் பாதி வெளியே, பாதி உள்ளே, ஆளுக்கு 31.75. ஆஃப்செட் பத்து குறைந்ததால் மொத்தமாகப் பத்து மில்லிமீட்டர் வெளியே. ஆக வெளிவிளிம்பு 41.75 மி.மீ. வெளியே வந்துவிட்டது, உள்விளிம்பு 21.75 மி.மீ. உள்ளே இருக்கும் அதிர்வுதாங்கி (அப்சோபர்) பக்கம் நெருங்கிவிட்டது. நாலு சென்டிமீட்டர்! பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து நாலு சென்டிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள், அப்புறம் உங்கள் காரின் பெண்டர் விளிம்பைப் பாருங்கள். இந்த ஒரு கூட்டல் கழித்தலுக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு போதும், என்னிடம் அது இருந்தது, ஆனால் வெண்கல நிறம் கண்ணை மறைத்துவிட்டது.

அதற்கப்புறம் செய்ததெல்லாம் ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு. பெண்டரை மடக்கினேன், ஒரு பக்கம் சாயம் வெடித்தது. சக்கரத்தின் தலை உள்ளே சாயட்டும் என்று கேம்பரைக் கூட்டினேன். உரசல் நின்றது. எட்டு மாதம் நிம்மதியாக ஓட்டினேன். ஒரு நாள் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையில், மழை பெய்து ஓய்ந்த நேரம், பெரிய வேகமும் இல்லை, ஒரு வளைவில் பின்பக்கம் பட்டென்று விலகியது. எதிரே யாரும் வரவில்லை, அது என் நல்ல நேரம். வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டு டயரின் உள்பக்கத்தைத் தடவினேன். விரலில் சுருக்கென்று குத்தியது. டயருக்குள்ளே இருக்கிற இரும்புக் கம்பி. வெளிப்பக்கம் பூ, அதாவது ரப்பரில் வெட்டிய பள்ளமும் மேடும், எல்லாம் புதுசு மாதிரி இருந்தது, நடுவில் பாதி, உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. நின்று பார்க்கிறவனுக்குத் தெரிவது வெளிப்பக்கம் மட்டும்தானே, நானும் எட்டு மாதமாக நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

காரை இறக்கும்போது நடப்பது இதுதான். ஸ்பிரிங் குட்டையாகும்போது சக்கரத்தின் தலை தானாகவே உள்ளே சாய்கிறது, அதோடு இரண்டு சக்கரமும் ஒன்றுக்கொன்று நேராகப் பார்க்கிற பார்வையும் மாறுகிறது, அதைத்தான் டோ என்கிறோம். பழியெல்லாம் கேம்பருக்குப் போகும், ஆனால் டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான், இரண்டும் சேர்ந்தால் என் டயர் கதிதான். இந்தக் காரில் முன்பக்கக் கேம்பரை ஒரு போல்ட் மாற்றிச் சரிக்கட்டிவிடலாம். பின்பக்கம் டோ மட்டும்தான் திருப்ப முடியும், கேம்பரைத் திருப்ப வேண்டுமென்றால் சக்கரத்தைப் பிடித்திருக்கும், நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் தனியாக வாங்கிப் போட வேண்டும். இறக்கிய உடனே அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வது, செய்தால் போதாது, ஸ்பிரிங் கொஞ்ச நாள் ஓடி உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் டயர் வாங்கவே போக வேண்டும் என்பேன். தம்பி ஸ்பிரிங் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாரே தவிர, அலைன்மென்ட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கம்பி தெரிந்த அந்த டயரை அப்பாவிடம் காட்டினேன். அப்பா சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். தேய்ந்த பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி, இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை, "என்னடா, இதில ரப்பரே இல்லையே," என்றார். காசு கொடுத்து இதை வாங்கினாயா என்று கேட்காமல் விட்டாரே, அது பெரிய மனசு.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 225/40ஆர்18இன் பக்கச்சுவர் 90 மி.மீ., 225/45ஆர்17இன் பக்கச்சுவர் 101. பதினொரு மில்லிமீட்டர் வித்தியாசம் கையில் பிடித்தால் ஒன்றுமில்லை, பிறை தொழிற்பேட்டைச் சாலையில் கண்டெய்னர் லாரி போட்ட குழியில் விழும்போது அந்தப் பதினொன்றுதான் ரிம்முக்கும் தாருக்கும் நடுவில் நிற்கும். என் வெண்கல ரிம்மில் ஒன்று உள்விளிம்பில் நெளிந்து, தட்டி எடுக்கக் கொடுத்தபோது விரிசல் விட்டது. இறக்கிய காரில் இது இன்னும் மோசம், ஏனென்றால் சஸ்பென்ஷன் மேலே போகும் தூரம் குறைந்துவிட்டது, மிச்ச அடியை வாங்க டயர் மட்டும்தான் இருக்கிறது, அதையும் நாம் ஒல்லியாக்கிவிட்டோம். இறக்கினால் டயரை ஒல்லியாக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்ததே. எல்லாரும் இரண்டையும் ஒரே நாளில் செய்கிறார்கள்.

எடை இன்னொன்று. மாமாவின் பழைய இரும்புக்கடைத் தராசில் இரண்டையும் நிறுத்திப் பார்த்தேன். என் 18 அங்குலம் டயரோடு 22 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கம்பெனி 17 அங்குலம் டயரோடு 19 கிலோ கூட இல்லை. ஒரு மூலைக்கு மூன்று கிலோ, அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே சுற்றுகிற எடை. இந்தக் கார் ஒன்றும் ஐந்நூறு குதிரைச் சக்தி இல்லை, 2.0 லிட்டர், இருநூறு. கால் கொடுத்தால் முன்பு மாதிரி எழும்பவில்லையே என்று பல மாதம் பெட்ரோலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது போட்டிருப்பது 17 அங்குலம், 8ஜே, +45, டயர் 225/45ஆர்17. உயரம் 634.3, ஒன்றரை விழுக்காட்டுக்குள். வெளிவிளிம்பு 15.7 மி.மீ. வெளியே, உள்ளே 9.7. பெண்டர் மடக்க வேண்டியதில்லை, கேம்பரை ஏமாற்ற வேண்டியதில்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் பெண்டரோடு ஏறக்குறைய ஒட்டி நிற்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, மனைவி மட்டும் பழையதுதான் அழகு என்கிறாள். தம்பிக்கு 18தான் வேண்டும் என்றால் 8ஜே ரிம், +45 பக்கம் ஆஃப்செட், டயர் 215/40ஆர்18. அதன் உயரம் 629.2, சொந்த டயரோடு நாலு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. பக்கச்சுவர் 86தான், குழி பார்த்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பிடிமானத்துக்காகத்தான் பெரிய ரிம் என்று தம்பி எழுதியிருந்தார். அதில் பாதி உண்மைகூட இல்லை. 86க்குக் கம்பெனி போட்டுக்கொடுத்த மிஷலின் பிரைமசி ஒரு சாதுவான, சொகுசுக் காருக்கான டயர். பின்பக்கம் கொஞ்சம் வழுக்கி விளையாட வேண்டும் என்றே அதைப் போட்டார்கள். அதே 215/45ஆர்17 அளவில் நல்ல ஸ்போர்ட் டயர் நான்கு வாங்கிப் போட்டாலே கார் வேறு காராகிவிடும், ரிம்மைத் தொடவே வேண்டாம். ரப்பரின் கலவை செய்யும் வேலையை அங்குலம் செய்யாது.

அப்புறம் ஒரு விஷயம், இது என் நண்பனுக்கு நடந்தது, அவனும் 86காரன். 5x100 என்று பி.சி.டி. (நட்டு ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை நிற்கும் வட்டத்தின் விட்டமும்) பொருந்துகிறதே என்று டொயோட்டா விஷ்ஷிலிருந்து கழற்றிய ரிம் நான்கை மலிவாகப் பிடித்துவிட்டான். இரண்டும் டொயோட்டாதானே என்ற நம்பிக்கை. மாட்டப் போனால் ரிம் ஹப்பில் உட்காரவில்லை, விரலளவு இடைவெளியில் ஆடிக்கொண்டு நிற்கிறது. காரணம் என்னவென்றால் 86இன் அடிப்பாகம் பெரும்பாலும் சுபாருவுடையது. அதன் ஹப் 56.1 மி.மீ., விஷ்ஷின் ரிம்மில் நடு ஓட்டை 54.1. இரண்டு மில்லிமீட்டர் சின்ன ஓட்டைக்குள் பெரிய ஹப் எப்படிப் போகும். பட்டறையில் ஒரு பையன் நட்டை இறுக்கி இழுத்தால் போய்விடும் என்று நட்டைத் தூக்கினான், அதுவும் விஷ்ஷோடு வந்த நட்டு. அதன் புரி இடைவெளி 1.5 மி.மீ., 86இன் போல்ட்டுக்கு 1.25. கையால் இரண்டு சுற்றுப் போய் நின்றதும் நண்பன் போதும் என்று நிறுத்திவிட்டான், ஏர் கன்னை வைத்து அழுத்தியிருந்தால் போல்ட் போயிருக்கும். ஓட்டை பெரிதாக இருந்தால் வளையம் போட்டு நிரப்பலாம், சின்னதாக இருந்தால் லேத்தில் கொடுத்துக் குடைய வேண்டும். பழைய ரிம் வாங்குகிறவர்கள் பி.சி.டி.யோடு நடு ஓட்டையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் இடத்தை அளக்க நான் இப்போது செய்வது இது. பெண்டரின் உள் உதட்டிலும் பிளாஸ்டிக் லைனரிலும், என் மகள் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய கலர் களிமண்ணைச் சின்ன உருண்டையாக ஒட்டுவேன், ஒரு சக்கரத்துக்கு நான்கு ஐந்து. பின்னால் இரண்டு ஆட்களை உட்காரவைத்துக் குடியிருப்புத் தாமானுக்குள் இருக்கிற வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குவேன், ஒரு முறை நேராக, ஒரு முறை ஸ்டெரிங்கைத் திருப்பி. அப்புறம் உருண்டைகளைப் பார்த்தால் டயர் எங்கே தொட்டிருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று அப்படியே அச்சுப் பதிந்திருக்கும். ஒன்றும் தொடவில்லை என்றால் களிமண்ணின் தடிமனைவிட அதிகமாக இடம் இருக்கிறது. கடையில் ரிம்மை வைத்துப் பார்க்க விட்டால் ஒரே ஒரு சக்கரத்தையாவது மாட்டி இப்படிச் செய்து பாருங்கள். மகளுக்குப் பச்சைக் களிமண் தீர்ந்துவிட்டது என்று இன்னும் கோபம்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் பினாங்குக்காரன் டயர் கடிதம் எழுத முடியாது. அகலமான டயர் காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் தேங்கிய இடத்தில் அதே அகலம் தண்ணீருக்கு மேலே ஏறி மிதக்கப் பார்க்கும். பூ ஆழமாக இருந்தால் தண்ணீர் வெளியேற வழியிருக்கும். சட்டம் 1.6 மி.மீ. வரை விடுகிறது, பள்ளத்துக்குள்ளே தெரிகிற சின்ன மேடு அதற்குத்தான். நான் 3 வந்ததும் மாற்றிவிடுகிறேன், பினாங்குப் பாலத்தில் மழையோடு ஒரு நாள் போய்ப் பார்த்தால் ஏன் என்று தெரியும். காற்றைக் குறைத்தால் மிருதுவாகப் போகும் என்று சிலர் குறைக்கிறார்கள், மழையில் அது மிதப்பதைச் சீக்கிரமாக்கும். 18 அங்குலத்தில் எக்ஸ்.எல். என்று போட்ட, கூடுதல் பாரம் தாங்கும் வகை டயர் வாங்கினால், அதே பாரத்தைத் தூக்கக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும், கதவோரம் ஒட்டியிருக்கும் எண் சொந்த டயருக்கானது.

பாரம் என்றதும் ஞாபகம் வருகிறது, அளவுக்குப் பக்கத்தில் 87டபிள்யூ என்று இருக்கும். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். அதற்குக் கீழே இறங்காதீர்கள். தயாரித்த வாரமும் வருடமும் நாலு எண்ணில் இருக்கும், 2224 என்றால் 2024இல் 22வது வாரம். மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள். டயர் பெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே. நிறுத்துவார்கள், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

86 இல்லாதவர்கள் இந்தக் கடிதத்தை இவ்வளவு தூரம் படித்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 185/55ஆர்15 டயரோடு வந்த பெரொடுவா மைவி காரை இறக்கிவிட்டு 17 மாட்டுகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். அந்த 185/55ஆர்15இன் உயரம் 584.5. அதே 15 ரிம்மில் 195/50 போட்டால் 576, இறக்கிய காருக்கு அந்தக் குறைவு நல்லதுதான், பெண்டருக்குள் நாலு மில்லிமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும், பக்கச்சுவரும் 97 இருக்கும். முதல் மாஸ்டா எம்.எக்ஸ்-5 14 அங்குலத்தில் 185/60 டயரோடு வந்தது, உயரம் 577.6. அதற்கு 15 போடுகிறவர்கள் 195/50 போடுவார்கள், 576. ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒரு அங்குலம் ஏறியிருக்கிறார்கள், அகலமும் கூடியிருக்கிறது, கார் அறியவே அறியாது. சைஸ் மாற்றுவது என்றால் அப்படி மாற்ற வேண்டும்.

ஆகவே ஆசிரியர் ஐயா, உங்கள் பதிலில் 225/45ஆர்18 என்று இருப்பதை 215/40ஆர்18 என்றோ, குறைந்தபட்சம் 225/40ஆர்18 என்றோ திருத்திப் போடுங்கள். பெண்டரை மடக்கச் சொன்ன வரியை எடுத்துவிட்டாலும் நல்லது. தம்பி அதற்குள் டயரை வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை, ரிம்மில் ஏற்றாத டயரை ரசீதோடு கொண்டுபோனால் பல கடைகளில் மாற்றிக் கொடுப்பார்கள், நான் வேலை பார்த்த கடையிலும் கொடுத்திருக்கிறோம். ஒரு முறை ஏற்றிவிட்டால் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். அதனால்தான் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் நாளைக்கே போடுங்கள் என்று கேட்கிறேன்.

இப்படிக்கு,
பழைய டயர் கடைப் பையன்,
பட்டர்வொர்த்